வெறுங்கால் பந்தாட்டம்: ஒரு மதிப்பீடு

1948ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள், லண்டன் ஒலிம்பிக் கால்பந்துப் பந்தயத்தில், இல்போர்டு மைதானத்திலே பிரான்சு நாட்டு அணியை எதிர்த்து இறங்கிய நம் இந்திய வீரருள் பெரும்பாலோர் வெறுங்காலினராகவே ஆடினர். அவர்களுக்குத் தலைமை வகித்த தாலிமெரன் ஆவோ, நாகர் மலையிலிருந்து கல்கத்தாவுக்குப் போய் கார்மைக்கேல் கல்லூரியில் வைத்தியம் பயின்றுகொண்டிருந்த மாணவர். பாடப் புத்தகத்தை மூடிவிட்டு மாலையில் மைதானத்துக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளின் ஆட்டமும், தேசத்தின் பெயரால் கடல் கடந்து ஆடிய ஆட்டமும் ஒரே மரபில் ஊன்றியிருந்த காலம் அது. அம்மரபின் குணத்தையும் குற்றத்தையும் தனித்தனியே எடை போடாமல், ஒரு சாரார் அதைத் தெய்விகக் கலை என்று போற்றுவதும், மறு சாரார் வறுமையின் அடையாளம் என்று தள்ளுவதும் எனக்கு உடன்பாடில்லை.

குணத்தை முதலில் சொல்ல வேண்டும். தோலுக்கும் பந்துக்கும் இடையே வேறொன்றும் இல்லாதபோது, பாதம் பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் தொட்ட கணத்திலேயே உணர்கிறது. விரல்களால் தடுத்து, உள்ளங்காலால் உருட்டி, எதிரியின் எடை எந்தக் காலில் விழுகிறதோ அதற்கு மறுபுறம் பந்தைக் கடத்தும் லாவகம் அந்த உணர்விலிருந்து பிறந்தது. பெங்களூரில் வளர்ந்த அகமது கான் போன்றோரின் ஆட்டத்தை அக்காலத்தவர் கொண்டாடியதற்குக் காரணம் இதுவே. 1911இல் கல்கத்தாவின் மோகன் பகான் சங்கம், சுதீர் சட்டர்ஜி ஒருவர் நீங்கலாக அனைவரும் வெறுங்காலினராக, ஆங்கிலேயரின் கிழக்கு யார்க்சையர் பட்டாளத்து அணியை 2–1 என்று வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியபோது, அந்த லாவகம் ஒரு தேசத்தின் சுயமரியாதையாகவும் மாறிற்று. இன்னொரு அநுகூலத்தை நான் அதனினும் பெரிதாக மதிக்கிறேன்: விலை கொடுத்துக் காலணி வாங்க இயலாத மாணவனுக்கும் வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கும் மைதானத்தில் எவ்வித வித்தியாசமும் இல்லாதிருந்தது.

குற்றம் ஈரத்தில் தொடங்குகிறது. கல்லூரி ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் பிறக்கிறது. பருவ மழையும் அப்போதே வந்து சேர்கிறது. உலர்ந்த செம்மண்ணில் மானைப்போல் திரும்பும் பாதம், நனைந்த புல்லில் பிடிப்பின்றி வழுக்கும். வார் கட்டிய அந்நாளைய தோல் பந்தோ நீரைக் குடித்துக் கனத்துவிடும். அதைத் தொலைவுக்கு உதைப்பதும், இரும்பு போன்ற காலணியுடன் பாய்ந்து வரும் எதிரியோடு பந்துக்காக மோதுவதும் வெறுங்காலுக்கு இயலாத காரியங்கள்; காயத்துக்கு அஞ்சிக் கால் தயங்கும் இடத்தில் சாதுரியம் என்ன செய்யும்?

எனினும் தோல்விகளையெல்லாம் பாதத்தின் தலையில் கட்டுவது நியாயமன்று. இல்போர்டில் சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்துச் சமன் செய்த அணி, கிடைத்த இரண்டு பெனால்டி உதைகளை வீணாக்கிவிட்டு, ஆட்டம் முடியும் தறுவாயில் 1–2 என்று தோற்றது. அங்கே தவறியது நிதானம். 1950ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்கு நாம் போகாததற்கும் காலணியே காரணம் என்ற கதை இன்றளவும் வழங்குகிறது. ஒலிம்பிக்கைத் தவிர வேறு பந்தயத்தைப் பெரிதாக எண்ணாத நிர்வாகமும், நெடிய கடற்பயணமும், பயிற்சிக் குறைவும் அதனினும் வலிய காரணங்கள். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1–10 என்று நேர்ந்த பெருந்தோல்வியில் அந்நிலத்துக் குளிருக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்த யூகோஸ்லாவியர் அப்பந்தயத்தின் இறுதி ஆட்டம் வரை சென்றவர்கள் என்பதையும் மறத்தலாகாது.

நான் வாழும் அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைகளில், தட்டி முடித்த செம்பின் மேடு பள்ளத்தை வெறும் விரலால் தடவி அறியும் தொழிலாளர், உலையருகே போகும்போது தயங்காமல் இடுக்கியை எடுத்துக்கொள்கிறார். ஸ்பரிசத்துக்கு ஓரிடமும் காப்புக்கு ஓரிடமும் உண்டென்ற இந்த விவேகமே நம் பந்தாட்டத்துக்கு வேண்டியிருந்தது. அதை நன்குணர்ந்தவர், உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்று ஆசிரியத் தொழில் செய்துவந்தவரும் இந்திய அணியின் பயிற்றுநருமான ஹைதராபாத் சையது அப்துல் ரகீம் என்பது என் அபிப்பிராயம். ஹெல்சிங்கித் தோல்விக்குப் பின் காலணி கட்டாயமாயிற்று. அவர் அதை வெறும் உத்தரவாக விட்டுவிடாமல், பாதத்தின் நுட்பம் கெடாதபடி காலணியோடு ஆடும் அப்பியாசத்தையும், பந்தை விரைவாகக் கைமாற்றும் கூட்டு முறையையும் வீரர்களுக்குப் புகட்டினார். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நெவில் டிசூசா மூன்று கோல் அடிக்க ஆஸ்திரேலியாவை 4–2 என்று வென்று நான்காம் இடம் பெற்றதும், 1962இல் ஜகார்த்தாவில், பீட்டர் தங்கராஜ் கோலைக் காத்து நிற்க, தென்கொரியாவை 2–1 என்று வென்று ஆசியத் தங்கம் கொண்டதும் அந்த உழைப்பின் பலன்கள்.

கட்டாயத்தால் ஓர் இழப்பும் நேர்ந்தது. காலணி வாங்கித் தரும் கல்லூரிகளில் ஆட்டம் வளர, வாங்கித் தர இயலாத ஊர்ப் பள்ளிகளின் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்றுவிட்டார்கள். அவர்களுக்காகக் காலணி நிதியொன்று திரட்டியிருந்தால் அந்தப் பழைய சமத்துவம் அழிந்திராது. காலணியோடு குறை தீர்ந்துவிடவும் இல்லை: பிற நாட்டார் 90 நிமிஷம் ஆட, நம் உள்நாட்டுப் பந்தயங்கள் 70 நிமிஷத்தில் முடிந்துகொண்டிருந்தன. அந்த இருபது நிமிஷக் குறையால் வீரர்களின் மூச்சும் வலுவும் பிற்பாதியில் தளர்வதைக் கண்ணாரக் கண்ட நிர்வாகிகள், காலுக்குச் சட்டம் இயற்றியபின்னும் பல ஆண்டுகள் கடிகாரத்தைத் திருத்த முன்வரவில்லை.