மூலமும் உரையும்: இப்னு அரபியைச் சுன்னி ஆலிம்கள் கண்ட விதம்

ஸ்பெயினின் முர்சியாவில் 1165ல் பிறந்து 1240ல் டமாஸ்கஸில் மறைந்த இப்னு அரபியை, நேசித்தவர்கள் 'ஷெய்குல் அக்பர்' என்றார்கள். வெறுத்தவர்கள் ஓரெழுத்தை மாற்றி 'ஷெய்குல் அக்ஃபர்' ஆக்கினார்கள். முன்னது மாபெரும் குரு. பின்னது பெரும் காஃபிரான குரு. உண்மையான இருப்பு இறைவனுக்கு மட்டுமே, மற்ற அனைத்தும் அதன் வெளிப்பாடு என்ற அவரது பார்வைக்குப் பின்வந்தோர் வஹ்ததுல் வுஜூது என்று பெயரிட்டனர். படைத்தவனுக்கும் படைப்புக்கும் நடுவே உள்ள கோடு இதில் அழிகிறது என்பதே எதிர்த்தவர்களின் அச்சம். அந்த அச்சத்தை நான் லேசாக எண்ணவில்லை.

ஆதரித்தோர் சூஃபிகள், எதிர்த்தோர் சட்ட அறிஞர்கள் என்று இந்தச் சர்ச்சையை இரண்டாகப் பிரிப்பது வழக்கம். ஏடுகளைப் புரட்டினால் அந்தப் பிரிவினை நிற்பதில்லை. கடுமையாக எதிர்த்த இப்னு தைமிய்யாவே, இப்னு அரபியின் ஃபுதூஹாத் நூலைப் படித்துத் தாம் முன்பு நல்லெண்ணம் கொண்டிருந்ததையும் அவரது ஃபுஸூஸ் நூலைப் படித்தபின் அது மாறியதையும் எழுதியிருக்கிறார். வஹ்ததுல் வுஜூது பேசிய கூட்டத்தில் இஸ்லாத்துக்கு மிக நெருங்கியவர் இப்னு அரபிதான் என்றும் ஒப்புக்கொள்கிறார். பதினைந்தாம் நூற்றாண்டின் கெய்ரோவில் பிகாஈ என்ற ஆலிம் இப்னு அரபியைக் காஃபிர் என்று நிறுவ ஒரு நூல் எழுதினார். அதற்கு மறுப்பு எழுதிய சுயூத்தியின் முடிவு விசித்திரமானது: இப்னு அரபி வலி (இறைநேசர்) என்று நம்ப வேண்டும், அவர் நூல்களைப் பார்ப்பதோ ஹராம்.

என்னை அதிகம் நிறுத்தி யோசிக்க வைப்பது ஷாபிஈ ஃபிக்ஹு நூல் ஒன்றுதான். யமன் நாட்டு இப்னுல் முக்ரீ (இறப்பு 1434), நவவீயின் 'ரவ்ழா' நூலைச் சுருக்கி 'ரவ்ழுத் தாலிப்' எழுதினார். மதம் மாறியோர் பற்றிய பாடத்தில், இப்னு அரபியின் கூட்டத்தார் காஃபிர்கள் என்பதில் சந்தேகிப்பவனும் காஃபிரே என்று சேர்த்துவிட்டார். பிற்காலத்தில் அதற்கு உரை எழுத வந்தவர் எகிப்தின் தலைமைக் காழியாக இருந்த ஸகரிய்யா அன்ஸாரி. மூலத்துக்கு மரியாதை செய்வது உரையாசிரியர் மரபு. அவரோ இந்த இடத்தில் மூலத்தை மறுத்தார். இப்னு அரபியின் கூட்டத்தார் முஸ்லிம்கள், நல்லோர். தமக்கே உரிய குறியீட்டு மொழியில் பேசினார்கள், அந்தச் சொற்கள் அம்மொழியில் அவர்கள் கருதிய பொருளையே நேராகக் குறிக்கும் என்றார். அதேசமயம், குறியீட்டை அறியாதவன் வெளிப்பொருளை அப்படியே நம்பினால் குஃப்ரில் விழுவான் என்றும் எச்சரித்தார். சொல்லை எடைபோடும்போது சொன்னவரின் மொழியையும் தட்டில் வைத்த நீதி அது. ஒரு காழியிடமிருந்து வந்ததால் அதன் கனம் கூடுகிறது.

அன்ஸாரியின் மாணவர் இப்னு ஹஜர் ஹைத்தமியும் இப்னு அரபியை வலி என்றே ஏற்றார். பாமரர் அந்நூல்களைத் தொடக்கூடாது என்றும் தடுத்தார். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களின் ஷாபிஈ ஆலிம்கள் இன்றும் ஆதாரமாகக் கொள்வது இந்த ஹைத்தமியின் 'துஹ்ஃபா' என்ற ஃபிக்ஹு நூலை. ஆயினும் வஹ்ததுல் வுஜூது பற்றித் தமிழில் வாதம் எழும்போதெல்லாம் 'காஃபிர்' என்ற சொல் முந்திக்கொண்டு வருகிறது. அதனால்தான் அன்ஸாரியின் அந்தச் சில வரிகளை நம் ஆலிம்கள் விளக்கத்தோடு தமிழில் தர வேண்டும்.