ஒற்றைக் கண்ணுக்கும் அகப்படும் ஈ

ஆழப்பார்வைச் சோதனைகளில் பிரபலமானது டிட்மஸ் ஈ. போலராய்டு கண்ணாடி மாட்டி, 40 செ.மீ. தூரத்தில் ஈயின் படத்தைக் காட்டி, இறக்கையைப் பிடிக்கச் சொல்வார்கள். விரல் தாளுக்கு மேலே காற்றிலேயே நின்றால், ஆழம் தெரிகிறது என்று அர்த்தம். குழந்தைகளிடம் இது பிரமாதமா வேலை செய்யும். அந்தப் பெருமையை நான் குறைக்கவில்லை.

என் குறை அதே புத்தகத்திலுள்ள வட்டங்கள் மீது. நாலு வட்டத்தில் ஒன்று மட்டும் எழும்பித் தெரியும். 800 ஆர்க் செகண்டில் தொடங்கி 40 வரை நுணுக்கம் கூடும். (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்குதான் ஆர்க் செகண்ட்.) ஆரம்ப வரிசைகளில் அந்த வட்டம் பக்கவாட்டில் நகர்ந்திருப்பது ஒரு கண்ணுக்கே தெரியும். ஆழமே தெரியாதவரும் "இதுதான் வித்தியாசமா இருக்கு" என்று சொல்லிவிடலாம்.

இதற்கு மாற்று 1960-லேயே வந்துவிட்டது. பெல் ஆய்வகத்தில் பேலா ஜூலெஸ் கணினியில் தாறுமாறான புள்ளிப்படம் இரண்டு உருவாக்கினார். ஒன்றில் நடுச்சதுரம் மட்டும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். பத்திருபது வரி நிரலில் நீங்களும் செய்து பார்க்கலாம்: ஒரு கண்ணுக்கு வெறும் இரைச்சல், இரு கண் சேர்ந்தால் சதுரம். நெதர்லாந்தின் டி.என்.ஓ. சோதனை இதையே சிவப்பு-பச்சையில் அச்சடித்தது. சிவகாசி அச்சகத்தில் ரிஜிஸ்டர் விலகினால் தாள் கழிவுக்குப் போகும். இங்கே விலகல்தான் சோதனையே. ஆனால் இது கொஞ்சம் கறார். மாறுகண் உள்ளவரிடம் மிச்சமிருக்கும் முரட்டு ஆழப்பார்வை இதில் தவறிப்போகலாம். ஈ அதைப் பிடித்துவிடும்.

எங்க பக்கம் இது வெறும் கல்வி விவாதம் இல்லை. பட்டாசு வெடித்து ஒரு கண் முழுதாகப் போனால் 1923-ஆம் வருட இழப்பீட்டுச் சட்டத்தில் கணக்கு இருந்தது: மறுகண் சரியாக இருந்தால், பார்வையிழப்புக்கு 30 சதவீதம். சிக்கல், கண் போகாமல் மங்கிப்போனவருக்கு. நல்ல கண் பலகையில் 6/6 படிக்கும், வட்டத்தையும் காட்டிவிடும். ஆனால் திரி செருகுவதும் சரம் பின்னுவதும் அதே கையெட்டும் தூரத்து வேலை.

செலவில்லாத வழி ஒன்று உண்டு. புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். எழும்பிய வட்டம் இப்போது உள்ளே போகணும். அப்பவும் "மேலே நிக்குது" என்றால், அவர் பார்ப்பது ஆழத்தை அல்ல. அந்த மதிப்பெண்ணை வேலைத்தகுதிச் சான்றில் எழுதக் கூடாது.