நீல டிரம்

200 லிட்டர் நீல டிரம்மின் அருமை ஐப்பசியில்தான் தெரியும். வல்லக்கோட்டை முருகன் கோயில் பக்கம் வானம் கறுத்ததும், கூரைத் தண்ணீர் விழும் இடம் பார்த்து அதை நகர்த்தி வைப்பதே தனிக் கலை. 100 சதுர அடிக் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 93 லிட்டர், இரண்டு செ.மீ. கொட்டினால் டிரம் ஏறக்குறைய நிறைந்துவிடும். முதல் தண்ணீர் புழுதியையும் காக்கை எச்சத்தையும் கழுவிக்கொண்டு போகட்டும். அப்புறம்தான் டிரம்மின் வாயில் வேட்டித்துணி கட்ட வேண்டும். (ஆலையிலிருந்து வந்த பழைய டிரம் என்றால், முன்பு உள்ளே என்ன இருந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள்.)

2003-இல் அரசு கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்பில் தண்ணீர் பெரும்பாலும் நிலத்துக்குள் போகிறது. டிரம்மில் நிற்பதோ கைக்கெட்டும் நீர். உப்புத் தண்ணீரில் முரண்டுபிடிக்கும் துணிசோப்பு இதில் பொங்கி நுரைக்கும். கொசு புகாமல் மூடி மட்டும் இறுக்கமாக இருக்கட்டும்.