எந்த வேகனை வார்ப்பது?

அமெரிக்க மாதிரி ரயில் தயாரிப்பாளர்கள் வேகன்களைத் தேர்ந்தெடுக்கும் விதத்தைக் குறை சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: ஒரே அச்சில் வார்த்துப் பல ரயில்வேக்களின் பெயரைப் போட்டு எந்த வேகனை விற்க முடியுமோ, அந்த வேகன்தான் கட்டுப்படியாகும். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. அச்சுக்குப் பெரும் முதல் வேண்டும். வாங்குவோர் கூட்டமோ சிறியது. முதல் உலகப் போரின்போது அரசே வடிவமைத்துப் பல ரயில்வேக்களுக்குப் பங்கிட்ட வேகன்கள் இந்தக் கணக்குக்கு அப்படியே பொருந்தும். அதுவரை சரி.

கோளாறு என்னவென்றால், இந்தக் கணக்கு வேகன்களை எண்ணுவதில்லை, கம்பெனிப் பெயர்களை எண்ணுகிறது. பென்சில்வேனியா ரயில்ரோடு 1924 முதல் ஓடவிட்ட எக்ஸ்29 ரக மூடிய வேகன்கள் கிட்டத்தட்ட 30,000. பத்து கம்பெனிகள் ஆளுக்கு 300 வாங்கிய ரகம் ஒன்று இருந்தால் அதன் மொத்தமே 3,000. தண்டவாளத்தில் பத்து மடங்கு அதிகம் ஓடியது, தயாரிப்பாளரின் பெயர்ப் பட்டியலில் பத்தில் ஒரு பங்கு மதிப்புப் பெறுகிறது! எக்ஸ்29 பிளாஸ்டிக்கில் வந்துவிட்டதே என்பார்கள். வந்தது, அது புகழ்பெற்ற வேகன் என்பதால். அந்தப் புகழ் இல்லாத, ஒரே கம்பெனிக்குரிய ரகங்கள் பல, சிறு பட்டறைகளின் ரெசின் கிட்டுகளையே நம்பிக் கிடக்கின்றன. ஒரு கம்பெனியின் வேகனை அந்தக் கம்பெனியின் ரசிகர்தானே வாங்குவார் என்பது அடுத்த வாதம். ஆனால் மூடிய வேகன் சொந்தத் தடத்தோடு நிற்பதில்லை. சரக்கு போகிற இடமெல்லாம் போகும். ஒரு பிரதான பாதையில் ஓடிய வெளி ரயில்வேக்களின் மூடிய வேகன்கள், நாடு முழுவதும் அந்தந்த ரயில்வே வைத்திருந்த எண்ணிக்கையின் விகிதத்தை ஒட்டியே இருந்தன என்பது மாதிரி ரயில் ஆர்வலர்கள் டிம் கில்பர்ட்டும் டேவ் நெல்சனும் முன்வைத்த கணிப்பு. ஆக, 1950இன் கலிபோர்னியாவில் சான்டா ஃபே பாதையை அமைப்பவருக்கும் பென்சில்வேனியா வேகன் வேண்டும், அதுவும் ஒன்றல்ல. நிலக்கரி ஹாப்பர்களுக்கு இந்தக் கணிப்பு செல்லாது. அவை பெரும்பாலும் சுரங்கத்துக்கும் நிலக்கரி இறக்கும் இடங்களுக்கும் நடுவிலேயே சுற்றின. ஆனால் நிலக்கரிப் பாதை அமைப்பவர் ஒரே ரகத்தை டஜன் கணக்கில் வாங்குகிறவர். அவரை எந்தப் பெயர்ப் பட்டியல் கணக்கில் எடுக்கிறது?

பெயரைப் பெருக்கும் ஆசை பொய்யில் போய் முடிகிறது. அந்த வடிவத்தை வாங்கியே இராத கம்பெனியின் எழுத்தும் அதே உடலில் ஏறுகிறது. எக்ஸ்29இன் உள்ளுயரம் 8 அடி 7 அங்குலம், அமெரிக்க ரயில்ரோடுகள் சங்கத்தின் (ஏ.ஏ.ஆர்.) 1937 தர வேகனுக்கு 10 அடி. 1:87 மாதிரி அளவில் இந்த வித்தியாசம் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். பழைய சரக்கு ரயில் படம் எதையும் பாருங்கள், கூரைகள் ஏறி இறங்கித்தான் இருக்கும். ஒரே அச்சில் வந்த இருபது பெயர்களை வரிசையாக நிறுத்தினால் கூரை நேர்கோடாக ஓடுகிறது. எந்த பெயின்டும் அதை மறைக்காது. விளம்பரம் எழுதிய ஐஸ் வேகன்களின் கதை இன்னும் மோசம். 1934இலேயே மாநிலங்களிடை வணிக ஆணையம் அவற்றுக்குத் தடை விதித்தது. கடையிலோ இன்றும் புதிது புதிதாக வருகின்றன. 1950களின் டீசல் எஞ்சினுக்குப் பின்னால் மாட்டப்படுகின்றன. அழகு விற்கும் என்பது உண்மைதான். ஆனால் அழகானதை ஒருவர் ஒன்று வாங்குவார், சாதாரணமானதை இருபது வாங்குவார்.

ஒவ்வொரு ரயில்வேயும் எந்த எண் வரிசையில் எத்தனை வேகன் வைத்திருந்தது, அவற்றின் உள்ளுயரம் என்ன என்பதெல்லாம் 'அஃபிஷியல் ரயில்வே எக்விப்மென்ட் ரெஜிஸ்டர்' பழைய பதிப்புகளில் அச்சாகியே இருக்கிறது. அடுத்த வேகனை அறிவிக்கும் முன் தயாரிப்பாளர்கள் பெயர்ப் பட்டியலை மூடிவைத்துவிட்டு அந்த ரெஜிஸ்டரைப் புரட்டட்டும்.