எம்டனின் ஆப்பு

எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலின் பேச்சு வந்தாலே நம்மவர்கள் அதன் கேப்டன் முல்லரின் பெருந்தன்மைக்கும் பர்மா ஆயில் டாங்குகள் எரிந்த கதைக்கும் போய்விடுகிறார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு, சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே நின்று அரை மணி நேரத்துக்குள் சுமார் 130 குண்டுகளை வீசிய பீரங்கியைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. வாய் 10.5 சென்டிமீட்டர், நீளம் 40 காலிபர். கப்பலில் பத்து இருந்தன. ஒரு பக்கமாக ஐந்துதான் சுடும்.

என்னை மயக்கியது அதன் குழல் அல்ல, பின்பக்கம். அங்கே கனத்த எஃகு ஆப்பு ஒன்று மேசை இழுப்பறை போலப் பக்கவாட்டில் ஓடுகிறது. ஆப்பு விலகியதும் குண்டும் மருந்துமாகச் சேர்ந்த, 25 கிலோ சொச்சம் எடையுள்ள தோட்டாவை ஒருவர் உள்ளே தள்ளுவார். ஆப்பு திரும்பி வந்து அடைத்துக்கொள்ளும். மருந்து வெடித்ததும் பித்தளை உறை உப்பி, அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. புகை பின்னால் வர வழியே இல்லை. அழுத்தம் இறங்கினால் உறை தானே பிடியை விடும். ஆப்பைத் திறக்கிற அதே இழுப்பில் ஒரு கொக்கி உறையின் விளிம்பைப் பிடித்து வெளியே எறிந்துவிடும். கொதிக்கிற பித்தளை தளத்தில் உருண்டு ஓய்வதற்குள் அடுத்த தோட்டா உள்ளே போயிருக்கும். நிமிடத்துக்குப் பதினைந்து முறை வரை!

பிரிட்டிஷ் பீரங்கிப் பிரியர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். திருகுக் கதவும் பையில் கட்டிய மருந்தும்தான் அவர்களுக்குக் கௌரவம். பித்தளை வீண் எடை, வீண் செலவு என்பார்கள். எடைதான், செலவுதான். ஆனால் 1915இல் டாகர் பேங்க் கடற்சண்டையில் ஜெர்மன் கப்பல் ஸைட்லிட்ஸின் பின்பக்க இரண்டு பீரங்கிக் கோபுரங்கள் பற்றி எரிந்தும் கப்பல் சிதறவில்லையே? மருந்துக் கிடங்கில் தண்ணீரைத் திறந்துவிட்டவர்களின் துணிச்சலுக்கு முதல் மரியாதை. அடுத்த மரியாதை பித்தளை உறைக்கு.

கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னியிடம் எம்டன் தோற்றதைச் சொல்லி வாயை அடைக்கப் பார்ப்பார்கள். சிட்னியின் 6 அங்குலக் குண்டு 45 கிலோ. எம்டனுடையது 17 கிலோ சொச்சம். அப்படியிருந்தும் முதலில் அடித்தது யார்? ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் இருந்த தூரத்தில், 30 டிகிரி வரை நிமிரக்கூடிய அந்தச் சின்னக் குழல்தான். ஒரு குண்டு சிட்னியின் தூரமானியையே அடித்துச் சென்றது. அதன் பிறகு சிட்னி எட்ட நின்று, தன் கனத்த குண்டுகளால் எம்டனை நொறுக்கியது. கப்பல் தோற்றது, பீரங்கி தோற்றதென்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

இதே ரகப் பீரங்கிகள் பத்து, கோனிக்ஸ்பெர்க் என்ற இன்னொரு ஜெர்மன் கப்பலிலும் இருந்தன. 1915 ஜூலையில் ருஃபிஜி ஆற்றுமுகத்தில் கப்பலின் கதை முடிந்த பிறகு, அவற்றைச் சேற்றிலிருந்து மீட்டு, தார் எஸ் சலாம் பட்டறையில் செப்பனிட்டுச் சக்கரம் மாட்டினார்கள். ஜெர்மன் தளபதி லெட்டோ ஃபோர்பெக்கின் படையோடு அவை கிழக்கு ஆப்பிரிக்கக் காட்டில் இழுபட்டன. உப்புக்காற்றுக்கென்று செய்த பொருள் செம்மண்ணிலும் சுட்டது.

இப்போதெல்லாம் பழைய பீரங்கியைப் பாதுகாப்பது என்றால் வருஷத்துக்கு ஒரு கோட் பெயின்ட் அடிப்பது என்றாகிவிட்டது. ஆப்பும் அது ஓடும் பள்ளமும் ஒரே சாம்பல் நிறக் கட்டியாக உறைந்து கிடக்கின்றன. பலகையில் கப்பல் பெயரும் தேதியும் இருக்கும். எப்படிச் சுடும் என்று ஒரு வரி இருக்காது. மாடல் செய்கிற பிள்ளைகளும் குழலை அணு அணுவாகச் செதுக்கிவிட்டு, பின்பக்கத்தில் ஒரு கட்டையை ஒட்டிக் கையைக் கழுவிவிடுகிறார்கள்.

எம்டனின் பீரங்கி ஒன்று சிட்னி நகரத்து ஹைட் பார்க்கில் நிற்கிறது. கோனிக்ஸ்பெர்க்கினுடையது ஒன்று மொம்பாசாவின் ஜீசஸ் கோட்டையில், அந்தக் கப்பல் சான்சிபாரில் மூழ்கடித்த பிரிட்டிஷ் கப்பல் பெகாசஸின் பீரங்கியோடு இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் குழலுக்கு முன்னால் நின்று தாராளமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தயவுசெய்து ஒரு முறை பின்னால் சுற்றி வாருங்கள்.