மூன்றா, நான்கா?

ஒரு நாணயத்தை இருமுறை சுண்டினால் ஒரு தலையாவது விழும் வாய்ப்பு எவ்வளவு? பத்தாம் வகுப்பு மாணவர் நான்கு விளைவுகளை எழுதி 3/4 என்பார். 1754இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் எழுதிய கணித மேதை தாலம்பேரோ 2/3 என்றார். முதல் சுண்டலிலேயே தலை விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்துவிடும். ஆகவே தலை, பூ-தலை, பூ-பூ என விளைவுகள் மூன்றுதான் என்பது அவர் வாதம். அந்தப் பட்டியலையும் கூறுவெளியாக, அதாவது எல்லா விளைவுகளின் கணமாக, கொள்ளலாம். ஆனால் அதில் முதல் விளைவின் வாய்ப்பு 1/2, மற்ற இரண்டும் 1/4. மூன்றையும் சமமாக எண்ணிய இடத்தில்தான் அவர் சறுக்கினார்.

விளைவுகளை ஒன்றுவிடாமல் எழுதும் பழக்கத்தின் வலிமையைக் கலிலியோவிடம் காணலாம். மூன்று பகடைகளில் கூட்டுத்தொகை 9 வருவதற்கும் 10 வருவதற்கும் ஆறு ஆறு எண்சேர்க்கைகள் உண்டு. ஆனாலும் 10தான் சற்று அதிகம் விழுகிறது என்பது சூதாடிகளின் அனுபவம். அவர் 216 விளைவுகளையும் கணக்கிட்டார்: 9க்கு 25, 10க்கு 27. 3-3-3 ஒரே வழியில் விழும். 4-3-3 மூன்று வழிகளில் விழும். இவ்வளவு நுண்ணிய வேறுபாட்டையும் பட்டியல் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

வகுப்பறையிலோ நிகழ்தகவு வெறும் வகுத்தலாகச் சுருங்கிவிட்டது. ‘சீரான பகடை’ என்று கேள்வியில் இருப்பதை மாணவர் கவனிப்பதில்லை. சாதகமான விளைவுகளை மொத்தத்தால் வகுத்தால் மதிப்பெண் வந்துவிடுகிறது. பிறக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்றால் உடனே 1/2 என்கிறார்கள். உண்மையில் 100 பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன.

சமவாய்ப்பு என்பது உலகைப் பற்றிய ஒரு கூற்று. அதைச் சோதித்தே ஏற்க வேண்டும். 1924இல் டாக்காவிலிருந்து சத்தியேந்திரநாத் போஸ் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிய கட்டுரை இதற்குச் சிறந்த சான்று. அவர் எண்ணிய முறைப்படி, இரண்டு ஒளித்துகள்கள் இரண்டு நிலைகளில் அமைய மூன்றே வழிகள், மூன்றும் சமவாய்ப்புள்ளவை. நாணயத்துக்குப் பொருந்தாத 1/3, ஒளிக்குப் பொருந்திவிட்டது!

1933இல் கணிதவியலாளர் கோல்மோகோரோவ் நிகழ்தகவுக்கு அடிப்படை விதிகள் வகுத்தபோது, விளைவுகளின் கணத்தையும் அவற்றுக்குத் தரும் எடையையும் தனித்தனியே வைத்தார். பள்ளிப் பாடமும் அப்படிப் பிரித்துக் கற்பிக்கலாம். இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகைகளான 2 முதல் 12 வரையிலான பதினொன்றையே கூறுவெளியாகக் கொடுத்து, ஒவ்வொன்றின் எடையையும் மாணவரைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். 7க்கு மட்டும் ஏன் 6/36 என்று கேட்கலாம்.