மூன்று ஷிஃப்டும் மூவேளை செபமும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பல கம்பெனிகளுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் காலை 6 மணிக்கு. கத்தோலிக்கக் கோயில்களில் மூவேளை செபத்துக்கு முதல் மணி அடிப்பதும் அதே 6 மணிக்குத்தான். மணி அடிக்கிற நேரத்தில் நம் ஆட்கள் கேட்டில் விரல் ரேகை வைத்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த மணி நண்பகல் 12-க்கு. லைன் ஓடிக்கொண்டிருக்கும். மூன்றாவது மாலை 6-க்கு, செகண்ட் ஷிஃப்ட்காரருக்குச் சரியாகப் பாதி வேலை பாக்கி. போதாக்குறைக்கு ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட ஊரில் தினசரி செபம் எப்படி நிற்கிறது என்று யாருக்கும் சந்தேகம் வரும். நிற்கிறது. எங்கே, எப்படி என்று பார்க்கத் தெரிந்துவிட்டால் அதை ரசிக்கவும் முடியும், கிறிஸ்தவராக இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

முதலில் மூவேளை செபத்தையே கொஞ்சம் கவனியுங்கள். வானதூதர் மரியாவிடம் செய்தி சொன்னதை மூன்று சிறு பகுதிகளாக நினைவுகூர்வது, ஒவ்வொன்றுக்கும் பிறகு ‘மங்கள வார்த்தை’ என்கிற மரியாவை வாழ்த்தும் சிறு செபம், முடிவில் ஒரு மன்றாட்டு. ஒருவர் முதல் வரியைச் சொல்ல மற்றவர்கள் பதில் வரியைச் சொல்வார்கள். மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஐரோப்பாவில் இடைக்காலத்தில் மாலை மணியாகத் தொடங்கி, பிறகு மூன்று வேளையாக வளர்ந்தது. பிரெஞ்சு ஓவியர் மில்லே 1857-59இல் இந்தச் செபத்தை வைத்து வரைந்த ஒரு படம் உலகப் புகழ்பெற்றது: தூரத்தில் கோயில் கோபுரம், உருளைக்கிழங்கு வயலில் ஒரு ஆணும் பெண்ணும் கருவியை மண்ணில் குத்தி நிறுத்திவிட்டுத் தலை குனிந்து நிற்கிறார்கள். அழகான படம்தான். ஆனால் அந்த விவசாயிக்கு இருந்த வசதி நம் ரோலிங் மில் தொழிலாளிக்குக் கிடையாது. ரிலீவர் வராமல் அவர் மிஷினை விட்டு ஓர் அடி நகர முடியாது.

அதனால் இங்கே செபம் கடிகாரத்தை விட்டுவிட்டு வேலையைப் பிடித்துக்கொள்கிறது. இந்த வட்டாரத்தின் செபப் பழக்கத்தை ரசிக்க இந்த ஒன்று பிடிபட்டால் போதும். ‘தினமும் ஐந்து மணிக்கு’ என்று தொடங்குகிற தீர்மானம் ஷிஃப்ட் மாறும் முதல் வாரமே செத்துப்போகும். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு, இந்த வருஷம் தினம் ஒரு மணி நேரம் என்று முடிவெடுப்போமே, அது பொங்கலுக்குள் பிசுபிசுத்துப்போவது ஏன்? அந்த ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எது, பின்னால் எது என்று நாம் யோசிக்கவே இல்லை. ‘பூட்ஸ் கயிறு கட்டும்போது’, ‘கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்ததும்’, ‘டிபன் பாக்ஸ் மூடும்போது’ என்று வைத்துக்கொண்டவர்களின் செபம் எந்த ஷிஃப்டிலும் தப்பிக்கிறது. பூட்ஸ் எந்த ஷிஃப்டிலும் போட்டுத்தானே ஆக வேண்டும்?

ரயிலில் இதை நேராகவே பார்க்கலாம். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் எலக்ட்ரிக் ட்ரெயினில் நந்தியம்பாக்கம் தாண்டியதும் மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி. ஐந்து இடைவெளி. செபமாலையில் ஐந்து ‘பத்து’, அதாவது பத்து மங்கள வார்த்தை கொண்ட ஐந்து பகுதி. ஒரு பத்துக்கு மூன்று, நான்கு நிமிடம் ஆகும் என்பதால் ஸ்டேஷனுக்கு ஒன்றாக ஏறக்குறைய ஒட்டிக்கொள்ளும். கடைசி இடைவெளிகள் கொஞ்சம் நீளம், அங்கே சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். காக்களூர் எஸ்டேட்டுக்குப் போகிறவர்கள் நெமிலிச்சேரியில் தொடங்கிப் பாருங்கள். திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை ரோடு, புட்லூர், திருவள்ளூர் என்று அந்தத் தடத்திலும் ஐந்துதான் வருகிறது. லேடீஸ் பெட்டியில் ஒரு பெண் விரல் கணுக்களைத் தொட்டு எண்ணிக்கொண்டு வருகிறார். பக்கத்தில் நிற்கும் பெண் கேட்கிறாள், “என்னக்கா, சீட்டுக் கணக்கா?” “ஆமாம்மா, மேல இருக்கிறவருக்குக் கட்டுற சீட்டு.” அதற்குமேல் பேச்சில்லை. அவர் அடுத்த கணுவுக்குப் போய்விட்டார்.

அவர் மணிமாலை எடுக்காததற்குக் காரணம் உண்டு. சுழலும் மிஷின் இருக்கிற இடத்தில் செயின், மோதிரம், கையில் கட்டிய செபமாலை எதுவும் கூடாது. கழற்றி லாக்கரில் வைத்துவிட்டே உள்ளே போக வேண்டும். ஆனால் ஒரு பத்துக்குப் பத்து மங்கள வார்த்தை, இரண்டு கையில் பத்து விரல். இன்னொன்றும் இருக்கிறது. ஷாப் ஃப்ளோரில் காதுக்கு அடைப்பான் வைத்ததும் வெளிச்சத்தம் அமுங்கிவிடும், நாம் முணுமுணுப்பது மட்டும் தலைக்குள்ளேயே கணீரென்று கேட்கும். அந்தக் குரலோடு நாலு வரி சொல்லிப் பார்த்தவருக்கு அமைதியான இடம் தேடி மலைக்குப் போக வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை: கிரேன் ஓட்டும்போதோ ஃபர்னஸ் அருகிலோ கண்ணும் கவனமும் வேலையில்தான் இருக்க வேண்டும். ஒரு ஹீட் இறங்கி அடுத்தது ஏறும் இடைவேளையில் செபத்தை வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுச் செபத்தை ரசிக்கக் காது போதும். இரவு செபமாலையில் பாட்டி முதல் பாதியை முடிப்பதற்குள் பிள்ளைகள் இரண்டாம் பாதியைத் தொடங்கிவிடுவார்கள். ஒன்றின் வாலில் மற்றொன்று ஏறிக்கொண்டே போகும். புதிதாகக் கேட்பவர்கள் அவசரம் என்று நினைப்பார்கள். பல வருஷம் ஒன்றாகச் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம் அது. நடுவில் கொசு பேட் ஒரு முறை ‘பட்’ என்று வெடிக்கும், கடைக்குட்டி எட்டாவது மணியில் தூங்கிவிழும், யாரும் நிறுத்த மாட்டார்கள். கிழமைக்கேற்ப தியானிக்கும் மறையுண்மைகளும், அதாவது இயேசு, மரியா வாழ்வின் நிகழ்வுகளும், மாறும்: திங்கள், சனி மகிழ்ச்சி, செவ்வாய், வெள்ளி துயரம், புதன், ஞாயிறு மகிமை. வியாழனுக்குரிய ஒளி மறையுண்மைகளை 2002-இல்தான் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சேர்த்தார். பாட்டி அதில் மட்டும் தடுமாறுவது அதனால்தான்.

சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே வீடுகளில் மணிமாலைக்குப் பதில் வேதப்புத்தகம். நீதிமொழிகளில் 31 அதிகாரம் என்பதால் தேதிக்கு ஒன்றாக வாசிப்பது பலரது வழக்கம். இன்று தேதி 17 என்றால் 17-ஆம் அதிகாரம். விட்டுப்போனால் விட்டதுதான், இன்றைய தேதியில் சேர்ந்துகொள்ளலாம். ஷிஃப்ட் ஆட்களுக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. வெளியூர் கிளம்புமுன் 121-ஆம் சங்கீதம் வாசிப்பதும் அப்படித்தான், கிளம்புகிற வேலையோடு கட்டிப்போட்டது. யூடியூபில் காலை ஜெபத்தை அலறவிட்டுக்கொண்டு தோசை சுடுவதை மட்டும் இந்தக் கணக்கில் என்னால் சேர்க்க முடியவில்லை. அடுத்த வீட்டுக்காரரும் சேர்க்க மாட்டார்.

இத்தனையும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பொன்னேரியில் இறங்கி பழவேற்காடு பஸ் ஏறினால் 1515-இல் போர்த்துக்கீசியர் காலத்தில் தொடங்கிய மகிமை மாதா திருத்தலம். அதே ஊரில் 1613-இல் டச்சுக்காரர்களின் கெல்ட்ரியா கோட்டை, சீர்திருத்தச் சபை மரபோடு. இரண்டு மரபும் பழவேற்காடு ஏரிக்கரையில் அக்கம்பக்கமாக இருந்திருக்கின்றன. தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் புத்தகமான ‘தம்பிரான் வணக்கம்’ என்ற செபநூலும், 1578-இல் கொல்லத்தில் ஹென்றீக்கஸ் அடிகளார் வெளியிட்டது, வெறும் 16 பக்கம். அன்றாட செபத்துக்குப் பெரிய புத்தகம் தேவைப்பட்டதே இல்லை.

நீங்களே தொடங்குவதாக இருந்தால் வார ஓய்வு நாளில் அடுத்த வார ரோஸ்டரை எடுத்துவைத்துக்கொண்டு உட்காருங்கள். ஒவ்வொரு நாளிலும் எந்த ஷிஃப்டிலும் மாறாத இரண்டு வேலைகளைக் குறியுங்கள், மூன்றாவது வேண்டாம். நைட் ஷிஃப்ட் வாரம்தான் சிக்கல். காலை 6-க்கு விடும் வேலை, பஸ் பிடித்து வீடு வர ஏழு, ஏழரை. பல் விளக்கிப் படுக்கும் முன் சொல்லும் காலைச் செபமே நைட் ஷிஃப்ட்காரருக்கு இரவுச் செபம். நண்பகல் 12 மணி செபத்துக்கு அவரை எழுப்பக் கூடாது. வீட்டில் இருப்பவர் அவருக்கும் சேர்த்துச் சொல்லிவிடலாம், குக்கரை மூன்றாவது விசிலுக்கு முன்னால் அணைத்துவிட்டு.